தோட்டத்தில் ஒரு வகுப்பு தொடங்க, முதலில் யாரைக் கேட்பது?



2018ஆம் ஆண்டு, ஒரு புதன்கிழமை மாலை. எங்கள் பள்ளி மண்டபத்தில் முப்பது நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்தேன். கரும்பலகையைத் துடைத்து, ‘மருந்தடிப்பில் பாதுகாப்பு’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். தேநீர்கூடப் போட்டாயிற்று. ஏழு மணி அடித்தது, ஏழரையும் ஆயிற்று. வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தம் மகனின் தேர்வு முடிவைக் கேட்க வந்தவர். மற்றவர் பள்ளிக் காவலாளி. விளக்கை எப்போது அணைக்கலாம் என்று தெரிந்துகொள்ள வந்தார்.

இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த வகுப்பை நான் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், வெளிக்காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கண்ணில் கலவை தெறித்துவிட்டது. கூட இருந்தவர்கள் பதறிப்போய்த் துண்டால் துடைத்தார்கள். கையோடு லாரி ஏற்றி அனுப்பினார்கள். சுத்தமான தண்ணீர் பக்கத்திலேயே தொட்டியில் இருந்தது. கண்ணை உடனே தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவ வேண்டும் என்று டின்னில் ஒட்டியிருந்த தாளில் மலாயில் எழுதியும் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே எவருமில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிப் போயிற்று. அவளுடைய மகள் என்னிடம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. நேரே மானேஜரிடம் போனேன். “செய்யுங்கள் டீச்சர்” என்றார். கிராணி ஓர் அறிவிப்பை அச்சடித்து ஆபீஸ் பலகையில் ஒட்டினார். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் வேலையைக் கெடுத்ததே அங்கேதான்.

நால்வர், நான்கு கவலைகள்

மறுநாள் முதல் ஒவ்வொரு செய்தியாக என் காதுக்கு வந்தது.

மண்டோர் மனம் புண்பட்டிருந்தார். இருபது ஆண்டுகளாக மருந்தடிக்கும் கூட்டத்தை நடத்துகிறவர் அவர். வகுப்பைப் பற்றி ஆபீஸ் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். “என் வேலையை எனக்கே சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வருதா?” என்று கேட்டாராம்.

தொழிற்சங்கக் கிளைத் தலைவருக்கு வேறு சந்தேகம். விபத்து நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்த நேரத்தில் வகுப்பு நடத்தினால், பழியைத் தொழிலாளர் தலையில் போடுவதற்கு நிர்வாகம் செய்யும் ஏற்பாடாக இருக்குமோ என்று அவர் அஞ்சினார்.

லயத்துப் பெண்களின் பயம் இன்னும் பெரிது. எழுதப் படிக்கத் தெரியாதவர் யார் யார் என்று கணக்கெடுத்து, பிறகு வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. தவிர, மாலை ஏழு மணி என்பது எந்த வீட்டில் ஓய்ந்திருக்கும் நேரம்? உலையில் சோறு, குளிக்காத பிள்ளை, நாளைக்குத் துவைக்க வேண்டிய துணி. நான் அதை யோசிக்கவே இல்லை.

மானேஜரோ “செய்யுங்கள்” என்று சொன்னதோடு சரி. அதனால் தமக்கு என்ன பயன் என்று அவருக்கும் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படி நால்வருக்கு நான்கு கவலைகள். அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டறியாமல் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அஞ்சடியில் உட்கார்ந்து கேட்டது

வகுப்பைக் கைவிட்டுவிடலாம் என்றுதான் எண்ணினேன். அப்போது ஒருநாள், பேத்தியின் பள்ளிப் பாரத்தில் கையெழுத்துப் போட ஓர் அக்கா வந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக மருந்துப் பம்பு சுமந்தவர். தமிழ் வாசிப்பார், மலாய் பேசுவார், ஆனால் படிக்க வராது. போகிற போக்கில் அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

“எல்லாத்தையும் எங்களுக்குச் சொல்லித் தரணும்னு நெனைச்சீங்க டீச்சர். எங்களுக்கு என்ன வேணும்னு நீங்க கேக்கவே இல்லியே.”

அதன் பிறகு ஒரு மாதம் நான் எந்தப் பாடமும் நடத்தவில்லை. பள்ளி விட்டதும் லயத்துக்குப் போவேன். அஞ்சடியில் உட்காருவேன். மூன்றே கேள்விகள் கேட்பேன். வேலையில் உங்களுக்கு எது சிரமம்? எது தெரிந்திருந்தால் அந்தச் சிரமம் குறையும்? எந்த நேரம் உங்களுக்குத் தோது?

சம்பளச் சிட்டையில் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றார்கள் பெண்கள். மருந்து டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார்கள். மாலை நேரம் வேண்டவே வேண்டாம். காலையில் ஸ்டோர் வாசலில் மருந்து கலக்கும் வரை சும்மாதானே நிற்கிறோம் என்றார்கள். அந்தப் பத்து நிமிடம் இருப்பதே எனக்குத் தெரியாது!

மண்டோர் வீட்டுக்குப் போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன். “ஐயா, உங்களைக் கேட்காமல் செய்தது என் தவறு. இந்தக் கூட்டத்தைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர் யார்?” என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு மளமளவென்று கொட்டினார். புதிதாக வருகிறவர்கள் அளவு தெரியாமல் மருந்தைக் கலக்கிவிடுகிறார்கள். புல் சாகாவிட்டாலும் ஏச்சு, மருந்து கூடுதலாகச் செலவானாலும் ஏச்சு. இரண்டும் தம் தலையில்தான் விடிகிறது என்றார். அவருக்கும் ஒரு வகுப்பு தேவைப்பட்டது. ஆனால் அதைத் தாமே நடத்த வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

கிளைத் தலைவர், தொழிலாளர் தம் உரிமையைத் தெரிந்துகொண்டால் தமக்கு மகிழ்ச்சியே என்றார். விபத்தைப் பற்றி வகுப்பில் யாரையும் குறை சொல்லக்கூடாது என்பதே அவருடைய ஒரே நிபந்தனை. மானேஜரின் தலைவலி வேறு. பாதுகாப்புக் குழு என்று ஒன்று தாளில் இருக்கிறதே தவிரக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை; தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை என்றார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. நால்வரும் வகுப்புக்கு எதிரிகள் அல்லர். நால்வருக்கும் வகுப்பில் ஒரு பங்கு தேவைப்பட்டது.

கித்தா மரம் சொல்லும் கதை

நம்மை வாழவைத்த கித்தா மரத்தின் கதையே இதற்கு நல்ல சாட்சி. அந்த மரம் இந்த மண்ணில் வேரூன்றியது சுலபமாக நடந்த காரியமன்று. பிரேசிலிலிருந்து விதையாகப் போய், இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்த 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1888இல், ஹென்றி ரிட்லி என்பவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குத் தலைவராக வந்தார். இந்த மரத்துக்குப் பெரிய எதிர்காலம் உண்டு என்று அவர் நம்பினார். தோட்ட முதலாளிகளைக் காணும்போதெல்லாம் விதைகளைக் கொடுத்து நடச் சொன்னார். அவர்களோ காப்பி பயிரிட்டு லாபம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

ரிட்லி வெறும் பேச்சோடு நிற்கவில்லை. மரத்தைக் கண்டபடி கொத்திக் காயப்படுத்தாமல், முன்பு வெட்டிய கோட்டிலேயே பட்டையை மெல்லியதாகச் சீவினால் மரமும் பிழைக்கும், பாலும் தொடர்ந்து வரும் என்று செய்து காட்டினார். அவருடைய பேச்சுக்குச் செவிகொடுத்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் கித்தாவைத் தோட்டமாகவே நட்டார். பின்னர்க் காப்பி விலை விழுந்தது. மோட்டார் வண்டிகள் பெருகி டயருக்குக் கித்தா தேவைப்பட்டது. சிரித்தவர்களெல்லாம் விதை தேடி ஓடினார்கள். ரிட்லி நூறு வயது வரை வாழ்ந்து 1956இல் காலமானார்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? ரிட்லி எல்லாரையும் ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. கேட்க மனமுள்ள ஒருவர் கிடைத்தார். அவர் நட்ட மரம் கண்ணெதிரே வளர்ந்து நின்றது. மற்றவர்களுக்குத் தேவை வந்தபோது, காட்டுவதற்குக் கையில் ஒன்று இருந்தது. நூறு பேரிடம் வாதாடுவதைவிட, நல்லபடியாக நடக்கும் ஒரு சிறு வேலையைக் காட்டுவது மேல்.

பத்து நிமிடப் பாடம்

நாங்களும் சிறிதாகவே தொடங்கினோம். எட்டுப் பேர் கொண்ட ஒரே ஒரு மருந்தடிக்கும் கூட்டம். திங்கட்கிழமை காலை, பெரட்டு முடிந்ததும், ஸ்டோர் வாசலில் பத்து நிமிடம். ஒரு நாளைக்கு ஒரே விஷயம்.

அளவு கலக்கும் பாடத்தை மண்டோர் நடத்தினார். டின்னில் இருக்கும் நிறப்பட்டையைப் பற்றிய பாடத்துக்கு நான் படம் வரைந்து கொடுத்தேன். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அதற்கும் குறைந்தது நீலம். குறைந்தது என்றாலும் நஞ்சு நஞ்சுதான். இதைத் தெரிந்துகொள்ள எந்த மொழியும் படித்திருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும்.

டின்னில் உள்ள எழுத்தைப் படிப்பது யார் என்ற கேள்வி வந்தது. நான்தான் படிக்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அப்போது அக்கா, கூட்டத்தின் பின்னால் நின்ற ஓர் இந்தோனேசியப் பெண்ணைக் கைகாட்டினார். “இவ படிப்பா டீச்சர். இவ பாஷையும் மலாயும் ஒண்ணு மாதிரிதானே?” என்றார். விபத்து நடந்த அன்று அந்தப் பெண் வேறு காட்டில் வேலையில் இருந்தாளாம். ஓராண்டாகக் கூட வேலை செய்தும், உனக்குப் படிக்க வருமா என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அவள் வாசித்தாள், அக்கா தமிழில் சொன்னார், மண்டோர் செய்து காட்டினார். நான் ஓரமாக நின்றேன்.

நாலாம் மாதம் ஒரு பையனுக்குக் கண்ணில் தெறித்தது. எவரும் துண்டை எடுக்கவில்லை. இருவர் அவனைத் தொட்டியடிக்கு அழைத்துப் போய், கால் மணி நேரம் விடாமல் கண்ணில் தண்ணீர் விட்டார்கள். இன்னொருவர் டின்னின் பெயரை எழுதிய தாளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குக் கூடவே போனார். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வாரத்திலேயே மற்ற இரண்டு கூட்டங்களின் மண்டோர்களும், “எங்களுக்கு எப்போ?” என்று கேட்டு வந்தார்கள்.

2020 ஜனவரி முதல் தேதி பாராகுவாட் மருந்துக்கு நம் நாட்டில் தடை வந்தது. அதை எங்கள் ஸ்டோர் வாசலில் பாடமாகச் சொன்னவர் மண்டோர்தான். பழைய டின் மூலையில் கிடந்தால் தொடாதீர்கள், தூக்கி வீட்டுக்கும் கொண்டு போகாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள் என்று அவர் எச்சரித்தபோது, ஒரு காலத்தில் “பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வருதா?” என்று கேட்டவர் இவர்தானா என்று வியந்தேன்.

சொல்லிக் கொடுக்க நாலு படிகள்

வேலையிடத்தில் சொல்லித் தருவதற்கென்று ஒரு முறை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், புதிய ஆட்களைச் சீக்கிரம் பழக்குவதற்காக அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பயன்படுத்தியது. நாலே படிகள்தான். பால்வெட்டை வைத்தே சொல்கிறேன்.

முதற்படி, பழகுகிறவரின் பயத்தைப் போக்குவது. “முன்னே கத்தி பிடிச்சிருக்கியா?” என்று கேட்டு, அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் படி, மெதுவாகச் செய்து காட்டி, எது முக்கியம், ஏன் என்று சொல்வது. பட்டையை ஏன் மெல்லியதாகச் சீவ வேண்டும்? ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் வெட்ட முடியாது. மூன்றாம் படி, அவரையே செய்யவிட்டு, செய்துகொண்டே வாயால் சொல்லச் சொல்வது. நான்காம் படி, தனியே விட்டுவிட்டு, இடையிடையே போய்ப் பார்ப்பது.

நம்மில் பலர் இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறோம். “நான்தான் சொன்னேனே!” என்கிறோம். சொல்வது வேறு, கற்பிப்பது வேறு. அவர் கைக்கு வேலை வந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் கற்பிப்பது.

இதே முறையைப் பெரியவர்களிடம் ஆதரவு கேட்கும்போதும் கடைப்பிடிக்கலாம். மானேஜரிடம் திட்டத்தைச் சொல்லிவிட்டு வந்தால் போதாது. ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டோர் வாசலுக்கு அவரை அழைத்து வந்து நிற்க வையுங்கள். பத்து நிமிடம் கண்ணால் பார்த்தால் போதும். பத்துக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

சட்டம் தரும் துணை

நமக்குத் துணையாகச் சில சட்டங்களும் இருக்கின்றன. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். 1996இல் வந்த விதிகளின்படி அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும்: 100 பேர் வரை உள்ள இடத்தில் இருவருக்குக் குறையாமலும், அதற்கு மேல் என்றால் நால்வருக்குக் குறையாமலும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குழு கூட வேண்டும். 40 பேருக்குக் குறைவான சிறு தோட்டமா? 2024 ஜூன் முதல், ஐந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை முதலாளி நியமிக்க வேண்டும் என்பது விதி.

இன்னொன்று, பயிற்சிக்கான பணம். பத்து மலேசியத் தொழிலாளரும் அதற்கு மேலும் உள்ள முதலாளிகள், சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் செலுத்த வேண்டும். 2021 மார்ச் முதல் விவசாயத் துறையும் இதில் சேர்க்கப்பட்டது. இது தொழிலாளரின் சம்பளத்தில் பிடிக்கும் பணமன்று; முதலாளி தம் பங்காகக் கட்டுவது. பயிற்சிக்காகவே கட்டும் இந்தப் பணத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமே என்று மரியாதையாக நினைவூட்டினால், எந்த நிர்வாகியும் யோசிப்பார்.

ஆனால் ஒரு வார்த்தை. சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முதல் நாளே ஆபீசுக்குப் போகாதீர்கள். “ஐயா, குழுக் கூட்டத்தில் பேச எங்களிடம் இப்போது விஷயம் இருக்கிறது” என்று போங்கள். எங்கள் அக்கா அப்படித்தான் போனார். கிளைத் தலைவரே அவரைத் தொழிலாளர் பிரதிநிதியாக முன்மொழிந்தார். முதல் கூட்டத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கூட்டத்துக்கும் கண் கழுவத் தனியாக ஒரு டின் சுத்தமான தண்ணீர். அன்றே கிடைத்தது.

டீச்சர் இல்லாமல் நடந்த வகுப்பு

இரண்டாண்டுகளுக்கு முன் எனக்கு வேறு பள்ளிக்கு மாற்றல் வந்தது. மானேஜரும் மாறிப் போனார். வகுப்பு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

சென்ற ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தேன். திங்கட்கிழமை காலை ஊருக்குத் திரும்பும் வழியில் ஸ்டோர்ப் பக்கம் போனேன். அக்கா கையில் டின்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே பன்னிரண்டு பேர். பாதிப் பேர் எனக்குப் புதுமுகம். இரண்டு வங்காளதேசத்துப் பையன்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் நிறப்பட்டையைத் தொட்டுக் காட்டித் தன் மொழியில் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஓரத்தில் நின்றிருந்த பெண்ணை அப்போதுதான் கவனித்தேன். ஒரு கண் மங்கிப் போனவள். இப்போது ஆயாக் கொட்டகையில் வேலை செய்கிறாள். திங்கட்கிழமைதோறும் வந்து, புதிதாக வந்தவர்களிடம் தன் கதையைச் சொல்லிவிட்டுப் போவாளாம். அவளை யாரும் வரச் சொல்லவில்லை.

நான் பேச வாயெடுத்தேன். அக்கா திரும்பிப் பார்த்து, “கொஞ்சம் நில்லுங்க டீச்சர். பாடம் முடியட்டும்” என்றார்.

எந்தச் சான்றிதழும் எனக்குத் தராத மகிழ்ச்சியை அந்தச் சொல் தந்தது.

அன்பர்களே, உங்கள் தோட்டத்திலோ, பட்டணத்துத் தொழிற்சாலையிலோ, நாலு பேருக்கு நல்லது ஒன்றைச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கலாம். பதவி இல்லையே, படிப்பு இல்லையே என்று தயங்காதீர்கள். நாற்காலிகளை அடுக்குவதற்கு முன், நாலு வீட்டு அஞ்சடியில் போய் உட்காருங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அந்த வேலையில் கை தேர்ந்தவருக்கு முதல் மரியாதை கொடுங்கள். சிறிதாகத் தொடங்குங்கள். பேர் வருமானால் அதை மற்றவருக்கே விட்டுவிடுங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் பாட்டிமார் சொல். சேர்ந்து தள்ள நாலு கை கிடைத்துவிட்டால், அது இன்னும் சீக்கிரமே நகரும்.